முன்கண்ணாடி

கண்ணாடி என்னும் சொல்லைக் கண் என்றும் ஆடி என்றும் பிரித்துப் பார்த்தல் கூடும். ஆடி என்பது உருவைத் தன்னுள் காட்டும் பொருளுக்குப் பழம்பெயர். பளிங்கு, படிகம் என்பனவும் இதனோடு ஒட்டிய சொற்களே. நெஞ்சில் உள்ளதை முகம் காட்டிவிடும் என்று கூறவந்த வள்ளுவர், குறிப்பறிதல் என்னும் அதிகாரத்தில் பளிங்கையே உவமையாக எடுத்தாண்டார். புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தவர்கள், அங்கே கண்ணாடி மணிகள் செய்யப்பெற்றமைக்குச் சான்றுகள் பல கண்டனர். ஆகவே கண்ணாடி நமக்குப் புதிதன்று. ஆயினும் நம் முன்னோர் அதனை மணியாகக் கோத்து அணிந்தனரேயன்றி, அதனூடே வழியை நோக்கிக்கொண்டு மணிக்கு எண்பது கிலோமீட்டர் விரைந்து செல்லும் நிலையை அறிந்தாரல்லர்.

அந்நிலை இன்று நமக்கு வந்துள்ளது. காரை ஓட்டுகின்றவன் வழியைத் தன் கண்ணால் காண்கின்றான் என்கின்றோம். உண்மையில் அவன் காண்பது கண்ணாலும் கண்ணாடியாலுமாம். வண்டியின் முன்புறத்தில் சாய்வாகப் பதிந்துள்ள அப்பெருங் கண்ணாடியைப் பட்டறைகளில் ‘விண்ட்ஷீல்டு’ என்பர். நாம் இப்பாடத்தில் அதனை முன்கண்ணாடி என்றே வழங்குவோம். அஃது உடைந்தால் வேறொன்று வாங்கிப் பொருத்த வேண்டும். அவ்வாறு வாங்குங்கால் எதனைக் கொள்வது? எதனைத் தள்ளுவது?

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்கள் உள்ளன. அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் 1961-ஆம் ஆண்டில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. விஜயந்தா என்னும் டாங்கி 1965-இல் அங்கிருந்து வெளிவந்தது. பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேலும் மேற்கே சென்றால் உடையவர் பிறந்த திருப்பெரும்புதூரை அடையலாம். அப்பக்கத்தில் இன்று கார்களும் செய்கின்றனர், கண்ணாடியும் செய்கின்றனர். ஆதலின் வண்டியும் பட்டறையும் இப்பகுதி மாணவர்க்குப் புதியன அல்ல.

இவ்வூர்களில் வாழ்ந்து சென்னை நகருக்கு வேலைக்குச் செல்வோர்க்குத் தனித்தொல்லை ஒன்று உண்டு. காலையில் கிழக்கு நோக்கிச் செல்லும்போது கதிரவன் எதிரே எழுகின்றான். மாலையில் மேற்கு நோக்கித் திரும்பும்போது மீண்டும் எதிரே சாய்கின்றான். போகும்போதும் கண்ணில் வெயில். வரும்போதும் கண்ணில் வெயில். கடற்கரைப் பக்கத்தில் குடியிருந்து பேட்டைக்கு வேலைக்கு வருபவனுக்கோ இருவேளையும் கதிரவன் முதுகுப்புறம்! முன்கண்ணாடியில் ஒரு குற்றம் இருப்பின், எதிர்வெயிலில் அது பெரிதாகத் தோன்றும். இதனைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

என் தங்கை மகன் ஆவடியில் வாழ்பவன். அவனுடைய கார் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாள் அவன் மதுரவாயலிலிருந்து புறவழிச்சாலையில் அம்பத்தூர் நோக்கி வந்துகொண்டிருந்தான். முன்னே சென்ற ஜல்லி லாரியின்மேல் தார்ப்பாய் மூடப்படவில்லை. அதிலிருந்து உதிர்ந்த கல் ஒன்று சாலையில் பட்டுத் தெறித்து அவன் வண்டியின் முன்கண்ணாடியைத் தாக்கியது. ‘டப்’ என்று ஓர் ஓசை, அவ்வளவே. இறங்கிப் பார்த்தபோது ஒரு ரூபாய் நாணயத்தினும் சிறியதாய், விண்மீன் வடிவில் ஒரு தெறிப்புக் காணப்பட்டது. “இதற்கு என்ன அவசரம்?” என்று இருந்துவிட்டான். அது சித்திரை மாதம். பகல் முழுதும் வண்டி வெட்டவெளியில் நின்றது. மாலையில் ஏறியவுடன் ஏ.சி.யை முழு வேகத்தில் முடுக்குவான். கண்ணாடிக்கு வெளிப்புறம் அனல், உட்புறம் குளிர். பத்தாம் நாள் அவ்விண்மீனின் கதிர்களுள் ஒன்று ஒரு சாண் நீளம் ஓடி, ஓட்டுபவனுடைய கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

முதல் நாளே பட்டறைக்குச் சென்றிருந்தால் கண்ணாடியை மாற்றவேண்டியே இராது. நாணய அளவுக்கு உட்பட்ட சிறு தெறிப்பு, விளிம்பிலும் ஓட்டுபவனுடைய பார்வைக்கு நேரிலும் அமையாதாயின், அதனைச் செப்பனிடலாம். தெறிப்பினுள் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துத் தெளிந்த பிசின் ஒன்றை உட்செலுத்திப் புறஊதாக் கதிரால் உறையச் செய்வர். வடு சிறிது தெரியும். ஆயினும் பிளவு மேலும் ஓடாது. பட்டறைக்குச் செல்லும் வரையில் அழுக்கும் நீரும் புகாதவாறு அதன்மேல் ஒரு தெளிந்த ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தல் போதும். காய்ந்த கண்ணாடியின்மேல் குளிர்நீரை ஊற்றலாகாது. இவற்றையெல்லாம் அவன் பின்னரே அறிந்தான்.

கல் பட்டும் அக்கண்ணாடி ஏன் பொடியாகி உதிரவில்லை என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதனை அறிந்தாலன்றி நல்லதையும் தீயதையும் பிரித்தறிய இயலாது.

வண்டியில் உள்ள கண்ணாடிகள் எல்லாம் ஓரினத்தன அல்ல. கதவுகளில் பெரும்பாலும் இருப்பது இறுக்கிய கண்ணாடி. அதனை ‘டெம்பர்டு’ என்றும் ‘டஃபண்டு’ என்றும் கூறுவர். அறுநூறு டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சிய கண்ணாடித் தகட்டின் இருபுறத்தும் குளிர்காற்றை வேகமாகச் செலுத்துவர். மேற்புறம் முதலில் இறுகிவிடும். உட்புறம் பின்னரே ஆறிச் சுருங்க முயலும். அதனால் மேற்புறம் நெருக்குண்டும் உட்புறம் இழுப்புண்டும் நிற்கும். நெருக்குண்ட மேற்புறத்தில் கீறல் எளிதில் தொடங்குவதில்லை. ஆகவே அக்கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடப் பன்மடங்கு வலிமை உடையது. ஆனால் ஓரிடத்தில் அவ்விறுக்கம் குலைந்தால் தகடு முழுவதும் ஒரே கணத்தில் சிறு சிறு துண்டுகளாகிவிடும்.

ஐரோப்பியர் 17-ஆம் நூற்றாண்டில் இவ்வியல்பை ஒரு விளையாட்டாகவே கண்டு வியந்தனர். உருகிய கண்ணாடியை நீரில் துளியாக விழச்செய்தால், தலை பருத்து வால் மெலிந்த மீன்குஞ்சு போல் உறையும். அதன் தலையைச் சுத்தியலால் தட்டினும் உடையாது. வாலின் நுனியை விரலால் ஒடித்தாலோ முழுவதும் தூளாகிவிடும். ‘இளவரசர் ரூபர்ட்டின் துளி’ என்று அதற்குப் பெயர். நம் கார்க்கதவில் உள்ள கண்ணாடியும் அத்துளியின் உறவே. உடைந்த துண்டுகள் நீண்ட கூர்வாளாக நில்லாமல் கற்கண்டு போல் உதிர்வதால், பக்கக் கதவுகளுக்கு அது தக்கதே. நீரில் மூழ்கும் வண்டியிலிருந்து உடைத்து வெளியேறவும் அது உதவும்.

முன்புறத்திற்கு அது தக்கதன்று. முன்னாளில் பல வண்டிகளில் முன்புறத்திலும் இறுக்கிய கண்ணாடியே இருந்தது. கல் ஒன்று பட்டவுடன் கண்ணாடி முழுதும் வெண்திரையிட்டாற்போல் வெளுத்துவிடும். ஓட்டுநர் கையால் குத்தித் துளை செய்து வழிகாண முயல்வதும் உண்டு. மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கின்றது. மூன்று நொடி வழி தெரியாவிடின், 60 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு சென்றதற்கு ஒப்பாகும். அம்பத்தூர்ச் சாலையில் 60 மீட்டருக்குள் எத்தனை பேர் நடந்து செல்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள்.

உடைந்தாலும் சிதறாமை, கீறல் விழுந்தாலும் காட்சி மறையாமை ஆகிய இரண்டும் முன்கண்ணாடிக்கு வேண்டும். அவற்றைத் தருவது அடுக்குக் கண்ணாடி. ‘லேமினேட்டட்’ என்பது அதன் பட்டறைப் பெயர். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளின் நடுவே முக்கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் படலம் வைக்கப்பட்டிருக்கும். கல் பட்டால் வெளித்தகடு கீறும். படலமும் உள்தகடும் தாங்கி நிற்கும். இரண்டு தகடும் உடைந்த போதிலும் துண்டுகள் படலத்தை விட்டு நீங்கா. சிலந்தி வலை போல் ஒருசேர நிற்கும்.

இது கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. பிரான்சு நாட்டில் எடுவார் பெனடிக்டஸ் என்பவர் ஓவியமும் வேதியியலும் ஒருங்கே பயின்றவர். 1903-ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்று தவறிக் கீழே விழுந்தது. உடைந்தது; ஆனால் சிதறவில்லை. எடுத்துப் பார்த்தார். முன்பு அதில் வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து, உட்புறத்தில் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. கார் விபத்துகளில் மக்கள் கண்ணாடித் துண்டுகளால் வெட்டுண்ட செய்தியைப் பின்னர் அறிந்தபோது, அக்குடுவை அவர் நினைவிற்கு வந்தது என்பர். 1909-இல் அடுக்குக் கண்ணாடிக்கு அவர் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் நச்சுப்புகை முகமூடிகளின் கண்பகுதிக்கு அது பயன்பட்டது. அக்காலத்துப் படலம் வெயிலில் மஞ்சளித்துவிடும். 1930-களின் இறுதியில் பாலிவினைல் பியூட்டிரால் என்னும் படலம் வந்த பின்னரே அக்குறை நீங்கிற்று. இன்றும் நடுவே இருப்பது அப்படலமே.

தகட்டிற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய முறையில் இழுத்துச் செய்த சன்னல் கண்ணாடியில் நீரலை போன்ற நெளிவு இருக்கும். பழைய வீடுகளில் அதனூடே தென்னை மரத்தைப் பார்த்தவர்கள் அதனை அறிவர். உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு இருபுறமும் சமமான தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் உலகிற்கு அறிவித்தது. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் 1665-இல் தோன்றிய செயின்ட் கோபைன் நிறுவனம், 2000-ஆம் ஆண்டில் இம்முறையில் கண்ணாடி வார்க்கும் ஆலையை நம் திருப்பெரும்புதூரில் தொடங்கிற்று. ஆனால் தட்டையான தகடு நன்றாயிருந்தால் மட்டும் போதாது. முன்கண்ணாடிக்காக இரண்டு தகடுகளையும் ஒரே அச்சில் வளைத்து, தூசி புகாத அறையில் நடுவே படலம் இட்டு, பின் ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்திலும் வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திலும் ஒன்றாக்க வேண்டும். வளைப்பதில் தவறினால் காட்சி கோணும். ஒட்டுவதில் தவறினால் சில ஆண்டுகளில் ஓரங்களில் பால் போல் வெளுத்துக் குமிழிகள் தோன்றும்.

இனிக் கடைக்கு வருவோம். என் மருகன் தன்னோடு வருமாறு என்னை அழைத்தான். கடைக்காரர் இரண்டு கண்ணாடிகளைக் காட்டினார். ஒன்றின் விலை மற்றதன் விலையில் ஏறத்தாழப் பாதி.

“ஐயா, இரண்டும் கண்ணாடிதானே? இது ஜெர்மனிச் சரக்கு. இதோ பாருங்கள், முத்திரையில் ஒன்று என்று போட்டிருக்கிறது” என்றார் அவர், விலை குறைந்ததைக் காட்டி.

முத்திரை இருந்தது உண்மையே. ஒரு வட்டத்துள் ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தும், அதன் பக்கத்தில் 1 என்னும் எண்ணும் இருந்தன. அவ்வெண் கண்ணாடியை ஆய்ந்து ஒப்புதல் வழங்கிய நாட்டைக் குறிக்குமேயன்றி, அது செய்யப்பட்ட நாட்டைக் குறிக்காது. 1 ஜெர்மனி, 2 பிரான்சு, 4 நெதர்லாந்து. வேறெங்கோ செய்த கண்ணாடிக்கும் ஜெர்மனியில் ஒப்புதல் பெறலாம். ஆதலின் ‘ஜெர்மனிச் சரக்கு’ என்பது விற்பவர் கூற்றேயன்றி முத்திரையின் கூற்றன்று. அம்முத்திரையோடு ‘43 ஆர்’ என்றும் இருத்தல் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடிக்குரிய ஐரோப்பிய விதியின் எண் அது. மருகன் நகத்தால் மெல்லச் சுரண்டினான். முத்திரையின் ஒரு மூலை பெயர்ந்து வந்துவிட்டது! அது வெறும் ஒட்டுத்தாள். உண்மையான முத்திரை கண்ணாடியோடு சுட்டோ அரித்தோ பதிக்கப்பட்டிருக்கும், நகத்திற்கு அசையாது.

நம் நாட்டில் முதலில் தேடவேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரையை. 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனம் 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்னும் பெயரில் இயங்கி வருகின்றது. பெயர் மாறியபோதும் பழைய மூன்றெழுத்து முத்திரை மாறவில்லை. வண்டிகளின் பாதுகாப்புக் கண்ணாடிக்குரிய தரநூலின் எண் ஐ.எஸ். 2553, இரண்டாம் பகுதி. கண்ணாடியின் கீழ் மூலையில் அவ்வெண், ஐ.எஸ்.ஐ. முத்திரை, செய்தவர் பெயர், உரிம எண், ‘லேமினேட்டட்’ என்னும் சொல் ஆகியவை உள்ளனவா என்று காணவேண்டும். அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் உரிம எண்ணை இட்டால், அவ்வுரிமம் யாருக்கு வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். விலைமிக்க கண்ணாடியின் எண்ணை அவன் இட்டுப் பார்த்தான்; கண்ணாடியில் கண்ட பெயரே செயலியிலும் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லுதல் நேர்மை. கார் நிறுவனத்தின் சின்னம் பொறித்த கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை. கார் நிறுவனத்திற்குக் கண்ணாடி செய்து தருகின்றவர்களே சின்னமின்றித் தம் பெயரோடு வெளிச்சந்தையிலும் விற்கின்றனர். அச்சின்னத்திற்காக மிகுபொருள் கொடுப்பது அவரவர் விருப்பம். முத்திரையற்றதை வாங்கிப் பொருளை மிச்சப்படுத்துவது மட்டும் விருப்பத்தைச் சார்ந்ததன்று.

முத்திரையைக் கண்ட பின் கண்ணாடியைக் காணவேண்டும். அன்று, கண்ணாடியூடே காணவேண்டும். பலர் அதனைச் செங்குத்தாக நிறுத்தி நேரே பார்த்துவிட்டு, “தெளிவாக உள்ளது” என்று சொல்லிவிடுகின்றனர். வண்டியில் அது சாய்ந்தன்றோ இருக்கும்? சாய்த்துப் பிடித்தால்தான் நெளிவு வெளிப்படும். இருவர் கையுறை அணிந்து கண்ணாடியைச் சாய்வாகத் தாங்க, ஓட்டுபவன் அமரும் இடத்தில் நின்று எதிரே உள்ள மின்கம்பத்தையோ கம்பிக்கதவையோ நோக்கித் தலையை மெல்ல இப்புறமும் அப்புறமும் அசைக்கவேண்டும். விலை குறைந்த கண்ணாடியை அவ்வாறு நோக்கியபோது, கடையின் எதிரே இருந்த மின்கம்பம் இடுப்பில் ஒடிந்து மீண்டும் நேராயிற்று. தலையை அசைக்குந்தோறும் கம்பம் ஆடிற்று. ஆடி என்னும் பெயருக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டோ என்று எண்ணிக்கொண்டேன்! நாள்தோறும் இரண்டு மணி நேரம் அதனூடே பார்ப்பவனுக்குத் தலைநோவு வரும். அதனினும் கொடிது, குறுக்கே வரும் மிதிவண்டி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கண் தவறாகக் கணிக்கும். இருளில் தொலைவிலுள்ள விளக்கு ஒன்று இரண்டாகத் தோன்றினாலும் அக்கண்ணாடி ஆகாது. இரு தகடுகளும் ஒன்றற்கொன்று இணையாக அமையவில்லை என்பது அதன் பொருள்.

விளிம்பையும் பார்க்கவேண்டும். விளிம்பில் சிறு உதிர்வு இருந்தாலும் பின்னாளில் பிளவு அங்கிருந்தே ஓடும். ஓரத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் அதன் உட்புறத்தில் புள்ளிகளும் இருக்கும். அவை அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. கண்ணாடியை வண்டியோடு பிணைக்கும் பசையை வெயில் கெடுத்துவிடாமல் அப்பட்டை மறைத்துக் காக்கின்றது.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய கண்ணாடி மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் கூறுவர். சாலைப் புழுதியும் மணலும் பல ஆண்டுகள் மோதியதால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஊசிக்குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நிழலில் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. மாலைக் கதிரவனுக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு குழியும் ஒரு சுடராகிக் கண்ணாடி முழுதும் வெண்புகை படர்ந்தாற்போல் ஆகிவிடும். மேற்கு நோக்கி வீடு திரும்புவோர் நிலையை முன்னர்ச் சொன்னேன். ஆவடிச் சாலையில் மாலை ஐந்தரை மணிக்கு அக்கண்ணாடியோடு செல்பவனுக்குச் சாலையைக் கடக்கும் சிறுவன் தெரியமாட்டான்.

கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியும் அத்தகையதே. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்கண்ணாடி வழியே நூற்றுக்கு எழுபது பங்கு ஒளியேனும், பக்கக் கண்ணாடி வழியே ஐம்பது பங்கேனும் புகவேண்டும் என்று வரையறுத்தன.

வண்டியின் பெயரைச் சொல்லிக் கண்ணாடி கேட்டால் போதும் என்று கருதலாகாது. ஒரே பெயருடைய வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு அமைப்பு மாறும். மழையை உணரும் கருவி, உட்கண்ணாடியைத் தாங்கும் பிடி, வழியை நோக்கும் கேமரா ஆகியவற்றிற்கு உரிய இடம் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இராது. ஆகவே வண்டியின் சேசிஸ் எண்ணைக் காட்டி வாங்கவேண்டும். கேமரா உள்ள வண்டியாயின், கண்ணாடி மாற்றிய பின் அக்கேமராவின் நோக்கை மீண்டும் அளந்து சரிசெய்தல் வேண்டும். முழுக் காப்பீடு பெற்றிருந்தால், பழையதைக் கழற்றுவதற்கு முன்னரே காப்பீட்டாளர்க்கு அறிவிக்கவேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இதற்குப் பணம் வராது.

மருகன் முத்திரையுள்ள கண்ணாடியையே தேர்ந்தான். கடைக்காரர் முகம் சிறிதும் வாடவில்லை. இரண்டையும் விற்பவர் அவர். பொருத்துவதற்கு முதியவர் ஒருவர் வந்தார்.

“ஐயா, கண்ணாடி பாதி, ஒட்டுகிற வேலை பாதி” என்றார் அவர்.

அவர் சொன்னது மிகையன்று. அம்பாசிடர் காலத்தில் முன்கண்ணாடியை ரப்பர் பீடிங்கில் செருகி நிறுத்தினர். இப்பொழுது அது யூரித்தேன் என்னும் பசையால் வண்டியின் உடலோடு பிணைக்கப்படுகின்றது. அதனால் அது வண்டியின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. மோதலின்போது இடப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர்க்காக விரியும் காற்றுப்பை, பல வண்டிகளில் மேலெழுந்து முன்கண்ணாடியில் சாய்ந்தே அவரைத் தாங்குகின்றது. அப்பை இமைப்பொழுதினும் குறைந்த நேரத்தில் விரிவது. அந்நேரத்தில் பசை விட்டுவிட்டால், கண்ணாடியும் வெளியே போகும், பையும் பயன்படாது. ஒட்டியது சரியோ தவறோ என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஒட்டும்போதே உடனிருந்து பார்ப்பது ஒன்றே வழி.

முதியவர் மெல்லிய கம்பியால் பழைய பசையை அறுத்துக் கண்ணாடியை எடுத்தார். எஞ்சிய பசையை முழுதும் சுரண்டிவிடாமல், ஓரிரு மில்லிமீட்டர் கனம் நிற்குமாறு சீவினார். புதிய பசை அதன்மேல் நன்கு பற்றும் என்றார். ஓரிடத்தில் கத்தி பட்டு வண்ணம் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. உடனே அவ்விடத்தில் துருத்தடுக்கும் பூச்சிட்டார். அதனை விட்டுவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பசையின் அடியில் துருவேறிக் கண்ணாடி தளரும். காலடி விரிப்பு நனைவதுதான் அதன் முதல் அறிகுறி. பின்னர்க் கண்ணாடியின் ஓரத்திற்குப் பிரைமர் பூசினார். பசைக்குழாயை எடுத்து முதலில் என் மருகனிடம் கொடுத்து, காலாவதி நாளைப் படிக்கச் சொன்னார். சிலர் யூரித்தேனுக்கு மாறாக மலிவான சிலிக்கான் பசையை இடுவதுண்டு; அது நீரைத் தடுக்கும், ஆனால் மோதலைத் தாங்காது. இவர் பசையை இடையறாத ஒரே வரிசையாக இட்டு, இருவர் கண்ணாடியைத் தூக்கிவர, ஒரே முறையில் பதித்து ஒட்டுநாடாவால் பிணித்தார்.

மருகனுக்கு அன்றிரவு வேலை. “சாவியைக் கொடுங்கள், நான் மெதுவாக ஓட்டிச் செல்வேன்” என்றான்.

“தம்பி, குழாயில் எழுதியிருக்கிற நேரம் ஆகட்டும்” என்றார் முதியவர். அப்பசை காற்றிலுள்ள ஈரத்தை உண்டு இறுகுவது. சில பசைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். சிலவற்றிற்குப் பல மணி நேரம் வேண்டும். அவர் வைத்திருந்தது இரண்டாம் வகை. சாவி கிடைக்கவில்லை. மருகன் முகத்தைச் சுளித்துக்கொண்டான். நாங்கள் அம்பத்தூர்ப் பேட்டையில் பேருந்து ஏறி ஆவடிக்குச் சென்றோம்.

மறுநாள் காலையில் முதியவர் கண்ணாடியின் ஓரமெங்கும் குழாய்நீரை மென்மையாகப் பாய்ச்சிக் காட்டினார். உள்ளே ஒரு துளியும் வரவில்லை. இரண்டு நாள் கதவை ஓங்கி அறையவேண்டாம், ஒரு சன்னலைச் சிறிது திறந்தே வையுங்கள், உள்ளே அடைபடும் காற்று புதுக்கண்ணாடியைத் தள்ளும் என்றார். விலைச்சீட்டில் கண்ணாடியின் உரிம எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

அன்று மாலை அவனோடு நானும் வீடு திரும்பினேன். எதிரே கதிரவன் தாழ்ந்திருந்தான். சாலையின் இருமருங்கும் மின்கம்பங்கள் நேராக நின்றன. அம்பத்தூர் கடக்கும்போது ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று முன்னே வந்து சேர்ந்தது. மருகன் ஒன்றும் பேசாமல் விரைவைக் குறைத்து, அதனை நெடுந்தொலைவு போகவிட்டான்.